உள்சுவரில் ஒரு புள்ளி

தங்க முலாம் பூசிய கேமரா என்றாலே அவளுக்குக் கொட்டாவி வந்துவிடும். துணியைப் பிரிக்கும்போது ஓரத்தில் மஞ்சள் மின்னினால் போதும், மீதியைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆனாலும் பார்ப்பாள். பார்த்ததுபோலாவது இருக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு.

"எடுத்த எடுப்புல டூப்ளிகேட்னு சொல்லிடாதீங்கம்மா. கொஞ்ச நேரம் கையில வச்சுப் புரட்டுங்க. துக்கம் சொல்ற மாதிரி பக்குவமா சொல்லுங்க."

பழைய நாற்காலிகளும் சுவர்க் கடிகாரங்களும் ஏலம் போகும் கூடத்துக்கு மேலே, மாடியில் அவளுடைய அறை. ஒரு மேசை, கழுத்து வளையும் விளக்கு, மேசைமேல் பச்சைக் கம்பளித் துணி, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி. ஏலத்துக்கு வரும் பழைய கேமராக்களில் எது நிஜம், எது போலி என்று சொல்வதுதான் வேலை. பழைய சாமான் வியாபாரிகள் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பேர் வைத்திருந்தார்கள். நாளாக நாளாக அது தேய்ந்து வெறும் 'பூதம்' ஆகிவிட்டது. "பூதம் வந்தாச்சா?" என்று கீழே அவர்கள் கேட்பது மாடிப்படியில் தெளிவாகக் கேட்கும். அவளும் கேட்காததுபோல ஏறிவிடுவாள்.

வருவதெல்லாம் பெரும்பாலும் ஒரே கதைதான். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு கம்பெனி, சட்டைப் பையில் அடங்கும் சின்னக் கேமரா ஒன்றைச் செய்தது. ஜன்னல் மாதிரி ஒரு துளை வழியாகப் பார்த்தால் எதிரே நிற்கும் ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். லென்ஸைத் திருகத் திருக இரண்டு உருவமும் நெருங்கி ஒன்றாகிவிடும். ஒன்றானால் தூரம் சரி, படம் எடுக்கலாம். ரேஞ்ச்ஃபைண்டர் என்பது அதுதான். பிறகு ரஷ்யாவில் அதைப் பார்த்து ஏராளமாகக் காப்பி செய்தார்கள். அந்தக் காப்பியும் நல்ல கேமராதான், மலிவு, உழைக்கும். வினை எங்கே வந்தது என்றால், பிற்காலத்தில் யாரோ அதன் தலையில் இருந்த ரஷ்யப் பேரைச் சுரண்டிவிட்டு ஜெர்மன் பேரைச் செதுக்க ஆரம்பித்தபோது. கூடவே ஹிட்லர் காலத்துக் கழுகு முத்திரை, ராணுவ எழுத்து, தங்க முலாம். வாங்குகிறவர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று.

அன்றைக்கும் ஒருவர் அப்படியொரு தங்கக் கழுகோடு வந்திருந்தார். போலியாக இருக்குமோ என்று அவரே பயந்துகொண்டு வந்திருந்தால் சுலபம். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்திருந்தார்.

"சார், இது ரஷ்யக் கேமரா. மேல எழுதினது அப்புறம் எழுதினது."

"எப்படிச் சொல்றீங்க?"

"லென்ஸைக் கழட்டிப் பாருங்க. உள்ள மேல்பக்கமா ஒரு சின்னக் கை நீட்டிக்கிட்டிருக்கு இல்ல? அதோட நுனி ஆப்பு மாதிரி இருக்கு. ஜெர்மன் கேமராவில அந்த இடத்துல குட்டி உருளை இருக்கும். சக்கரம் மாதிரி சுத்தும்."

"உருளை தேஞ்சு ஆப்பாகியிருக்கும்."

"தேயாது சார்."

"நீங்க பார்த்தீங்களா தேயாம?"

அவர் கேமராவைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு, "பொறாமை" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அவள் விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். வருஷக் கணக்காக இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தை வாயிலேயே குடியேறிவிட்டது. வீட்டில் கணவர் காபி வேண்டுமா என்று கேட்டால்கூட முதலில் அதுதான் வந்தது.

அந்தக் கணவருக்கு அச்சகத்தில் இரவு ஷிப்ட். அவள் வீடு திரும்பும்போது அவர் கிளம்பிக்கொண்டிருப்பார். வாசலில் ஒருவருக்கொருவர் குடையையும் சாவியையும் மாற்றிக்கொள்வதுதான் குடும்பம். பேச்சுத் துணைக்கு இருந்தவர் நாத்தனார், கணவரின் அக்கா. பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வுபெற்றவர். ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தார். வந்தவர் வந்தவர்தான். பேச்சுத் துணை என்றால், அவர் பேசுவார், இவள் துணை. கேமரா என்று இவள் வாயைத் திறந்தாலே, "போனிலேயே எல்லாரும் போட்டோ எடுக்கிறாங்க, இன்னும் எதுக்கு இந்தப் பொட்டிங்க?" என்று முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்.

அதனால்தான் மருந்துக்கடைக்காரரை அவளுக்குப் பிடித்திருந்தது.

அவர் முதலில் வந்ததும் ஒரு போலியோடுதான். ஆனால் போலி என்று சொன்னதும் சண்டை போடவில்லை. நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏன்னு தெரிஞ்சுக்கலாமா மேடம்?" என்று கேட்டார். மெல்லிய குரல். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய பொறுமை. உருளை இருக்க வேண்டிய இடத்தில் ஆப்பு இருப்பதை அவள் காட்டினாள். அவர் குனிந்து பார்த்து, "அடடா" என்றார். அந்த அடடாவுக்கு அவள் உருகிப் போனாள் என்றே சொல்ல வேண்டும்.

அதன்பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாவது வருவார். எங்காவது சந்தையில் வாங்கியதைக் கொண்டுவருவார். சில சமயம் வெறுங்கையோடும் வருவார். செதுக்கிய எழுத்து நிஜத்தில் எவ்வளவு ஆழம் இருக்கும், போலியில் எப்படி மேலாகக் கீறினாற்போல் இருக்கும் என்று சொன்னாள். மேலே இருக்கும் நம்பர் ஒரு வருஷத்தைச் சொல்லும், கேமராவின் உடம்பு வேறொரு வருஷத்தைச் சொல்லும், அந்த முரணைப் பிடிப்பது எப்படி என்று சொன்னாள். உடம்பில் ஒட்டிய கறுப்பு உறையின் சொரசொரப்பை விரல் நுனியால் தடவச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். அவர் போன பிறகு அவளுக்குத் தலைவலி குறைந்திருக்கும்.

போலிகள் எப்போதிலிருந்து நன்றாக வர ஆரம்பித்தன என்று அவளால் சொல்ல முடியாது. ஒருநாள் கோட்டுப் போட்ட வியாபாரி ஒருவர் கொண்டுவந்த கேமராவின் லென்ஸைக் கழற்றினாள். உள்ளே உருளை இருந்தது. ஆப்பை வெட்டிவிட்டு, புதிதாக ஒரு குட்டிச் சக்கரத்தைப் பொருத்தியிருந்தார்கள். எழுத்து ஆழமாகச் செதுக்கப்படாததால் பிடித்தாள். அடுத்து வந்ததில் எழுத்தும் ஆழமாக இருந்தது, நம்பர் காட்டிக்கொடுத்தது. அதற்கடுத்ததில் நம்பரும் சரி. உறை மட்டும் வழவழவென்றிருந்தது.

உறையைத் தடவிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது. உருளை, எழுத்து, நம்பர், உறை. மருந்துக்கடைக்காரருக்கு அவள் சொல்லிக்கொடுத்த அதே வரிசை.

அன்று மாலை நாத்தனாரிடம், கேட்டாலும் சரி கேட்காவிட்டாலும் சரி என்று, எல்லாவற்றையும் கொட்டினாள். ஆச்சரியம், அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டிருக்க? என் ஹாஸ்டல்ல ஒருத்தி எல்லா விஷயத்தையும் வெளியில போய் ஒளறிட்டிருந்தா. யாருன்னு தெரியல. ஆளுக்கு ஒரு பொய்யைச் சொல்லி விட்டேன். எந்தப் பொய் ஊரைச் சுத்தி என் காதுக்கே வந்துச்சோ, அவதான் ஆளு."

"அவர் அப்படிப்பட்டவர் இல்ல அண்ணி."

"அப்படிப்பட்டவங்க நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வருவாங்க? ஒரு பொய்யைச் சொல்லிப் பாரு. எங்க போய் நிக்குதுன்னு தெரிஞ்சுடும்."

அடுத்த முறை மருந்துக்கடைக்காரர் வந்தபோது அவள் அந்தப் பொய்யைச் சொன்னாள். சொல்வதற்கு முன்னால் தண்ணீர் குடித்துக்கொண்டாள். லென்ஸுக்குப் பின்னால், படம் எடுக்கும்போது திறந்து மூடும் ஷட்டர் திரையைச் சுற்றியுள்ள உலோகச் சுவரில், இடது மூலையில், ஒரு சின்னப் புள்ளி இருக்கும். பரிசோதனை முடிந்ததற்கு அடையாளமாக ஃபாக்டரியில் உளியால் குத்தியது. போலி செய்கிறவர்களுக்கு இது தெரியாது.

"அடடா," என்றார் அவர். "இத்தனை நாளா இதைச் சொல்லவே இல்லையே மேடம்?"

"மறந்துட்டேன்," என்றாள்.

மழைக்காலம் முடிவதற்குள் புள்ளி வந்து சேர்ந்தது. வீடு, மனை விற்றுக்கொடுக்கும் தரகர் ஒருவர், யாரோ வெளிநாடு போகிறவர் விற்கச் சொன்னதாக ஒரு கேமராவைக் கொண்டுவந்தார். உருளை சரி, எழுத்து சரி, நம்பர் சரி, உறைகூடப் பரவாயில்லை. இடது மூலையில் பளிச்சென்று ஒரு புள்ளி. அது மட்டும் இல்லாதிருந்தால் அவளே கொஞ்சம் தயங்கியிருப்பாள்.

அவள் சொன்னதைக் கேட்டு முதலாளி குதித்தார். மருந்துக்கடைக்காரர் இனிமேல் கட்டடத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று வாசல் காவலாளியிடம் சொன்னார். அதைத் தானே அவரிடம் சொல்வதாக அவள் ஏன் கேட்டுக்கொண்டாள் என்பது அவளுக்கே விளங்கவில்லை. மாடிப்படி திரும்பும் இடத்தில் அவரை நிறுத்தினாள்.

"நான் சொன்னதையெல்லாம் யார்கிட்ட சொல்றீங்க?"

"எல்லார்கிட்டயும்தான் மேடம்," என்றார் அவர், முகமெல்லாம் மலர.

போனை எடுத்துக் காட்டினார். கேமரா சேகரிப்பவர்களின் குழு ஒன்று. அதில் அவர் வாரந்தோறும் எழுதிக்கொண்டிருந்தார். 'எனக்குத் தெரிந்த ஒரு நிபுணர் சொன்னது' என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கியது. உருளை, எழுத்து, நம்பர், உறை, புள்ளி. படம் வரைந்து அம்புக்குறி போட்டிருந்தார். முகமறியாத எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். அந்த நன்றிகளுக்கு நடுவே எங்கேயோ, பட்டறையில் உட்கார்ந்து, வாராவாரம் படித்துப் படித்துக் குறையைத் திருத்திக்கொண்ட ஒருவனும் இருந்திருக்கிறான்.

"நான் ஏமாந்த மாதிரி யாரும் ஏமாறக்கூடாதுன்னுதான்," என்றார். "உங்க பேரைப் போடட்டுமான்னு கேக்கணும்னு இருந்தேன். கூச்சமா இருந்தது."

"அந்தப் புள்ளி பொய்," என்றாள்.

"எது?"

"புள்ளின்னு ஒண்ணு கிடையாது. உங்களைச் சோதிக்கச் சொன்னது."

அவர் முகம் சட்டென்று மாறவில்லை. மெதுவாக, குளிர்ந்துபோகும் டீ மாதிரி, மாறியது. போனைப் பைக்குள் வைத்தார். "என்கிட்டயே கேட்டிருக்கலாமே மேடம்," என்று மட்டும் சொன்னார். கட்டடத்துக்குள் வரக்கூடாது என்பதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவராகவே இறங்கிப் போனார்.

அன்றைக்கே அவர் குழுவில் எழுதினார்: புள்ளி தவறான தகவல், நம்ப வேண்டாம், மன்னிக்கவும். யாரும் நம்பவில்லை. இவரைப் போலி செய்கிறவர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றார் ஒருவர். புள்ளி இல்லாத சரக்கு தேங்கிவிட்டது, அதனால்தான் பல்டி என்றார் இன்னொருவர். தன் கேமராவில் புள்ளி இருப்பதாகவும், அதைத் தன் தாத்தாவே காட்டியிருக்கிறார் என்றும் ஒருவர் சத்தியம் செய்தார். மாடி அறைக்கும் புள்ளி ஏறி வந்தது. "புள்ளி இருக்கே மேடம், அப்புறம் எப்படி டூப்ளிகேட்?" என்று அவளிடமே கேட்டார்கள். அது நான் கட்டிவிட்ட கதை என்று சொன்னால் ஒருமாதிரி பார்த்துச் சிரித்தார்கள். பூதத்துக்கு வயசாகிவிட்டது என்று கீழே பேசிக்கொண்டார்கள்.

அந்த நாட்களில்தான் ஆம்புலன்ஸ் டிரைவர் வந்தார். ஓய்வுபெற்றவர், பருத்த கை, கழுவிக் கழுவி வெளுத்த சட்டை. கேமராவை ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள் பழைய பனியனில் சுற்றி வைத்திருந்தார்.

"எங்கப்பாவோடது. கல்யாண வீடுகளுக்கு போட்டோ எடுக்கப் போவாரு. இது அசல் ஜெர்மன்னு சொல்லிட்டே இருப்பாரு. சித்தப்பா, மாமா எல்லாம் சிரிப்பாங்க. ரஷ்யக் காப்பியைக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் பீத்துறான்னு."

அவள் பனியனைப் பிரித்தாள். தங்கம் இல்லை, கழுகு இல்லை. விரல் பட்டுப் பட்டு மூலைகளில் கறுப்புப் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிந்தது. பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கினாள். எழுத்து ஒழுங்காக, அடக்கமாக, ஆழமாக இருந்தது. நம்பர் உடம்போடு ஒத்துப்போனது. லென்ஸைத் திருகும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கழன்றது. உள்ளே உருளை, பழைய எண்ணெய் மினுக்கத்தோடு, தொட்டதும் சுற்றியது. நிஜம். எவ்வளவு காலமாயிற்று ஒரு நிஜத்தைத் தொட்டு.

அப்புறம்தான் இடது மூலையைப் பார்த்தாள்.

புதுப் புள்ளி. சுற்றிலும் உலோகம் பிதுங்கியிருந்தது. குத்திய உளி சறுக்கியிருக்க வேண்டும்; பக்கத்தில் ஷட்டரின் கறுப்புத் துணித் திரை கிழிந்து நூல் தொங்கியது.

"இது யார் பண்ணினது?"

டிரைவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "மருமகன்தான். நல்லவன், கொஞ்சம் அவசரக்காரன். அசல்னா உள்ள புள்ளி இருக்கணுமாமே. இதுல இல்ல. இல்லாம கொண்டுபோனா காப்பின்னு சொல்லிடுவாங்க மாமான்னு, நான் தூங்கிட்டிருந்தப்ப குத்திட்டான். ஏன், தப்பான இடத்துல குத்திட்டானா?"

அவள் பூதக்கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணைச் சுற்றி அதன் வளையம் அழுந்தியிருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம், இவருக்கு எப்படித் தெரியப்போகிறது? அலுப்பு அவளை அந்தப் பக்கம்தான் தள்ளியது. ஆனால் அந்த மனிதர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த விதம், தீர்ப்பை எதிர்பார்த்துக் கைகளைத் தொடைமேல் வைத்திருந்த விதம், அவளை விடவில்லை.

"புள்ளின்னு எதுவும் கிடையாது சார். ஒருத்தரைப் பிடிக்கிறதுக்காக நான் சொன்ன பொய். அது வெளியில போயிடுச்சு. உங்க வீடு வரைக்கும் வரும்னு நான் நினைக்கல."

டிரைவர் அவளையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாகக்கூட இருக்கும்.

"சும்மா சொன்னீங்களா?"

"ஆமா."

"அவன் சுத்தியலைத் தூக்கிட்டான்." சொல்லிவிட்டுப் பழைய பனியனை மடித்து டப்பாவுக்குள் வைத்தார். "சரி. அப்போ இது காப்பியா?"

"இல்ல சார். அசல். உங்கப்பா சொன்னது சரி."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தார். "சிரிச்சவங்க யாரும் இப்ப இல்லையே. யார்கிட்ட போய்ச் சொல்றது?"

ஏலத்துக்கு விட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். திரையை மாற்றித் தர ஆள் இருக்கிறாரா என்று கேட்டார். அவள் தன் பொறுப்பில் செய்து தருவதாகச் சொன்னாள். குத்திய இடத்தை ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் சொன்னாள். "இருக்கட்டும்," என்றார். அது மன்னிப்பா, வேறு வழியில்லாமையா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. படி இறங்கும்போது ஒருமுறை நின்று, "இனிமே யார்கிட்டயும் சும்மா சொல்லாதீங்கம்மா," என்றார். ஆம்புலன்ஸ் ஓட்டியவரின் குரல் அது; வழி விடுங்கள் என்று சொல்லிப் பழகிய குரல்.

அவளுக்குத் தெரிந்த கேமரா மெக்கானிக் ஒருவர் திரையை மாற்றிக் கொடுத்தார். டிரைவரே வந்து வாங்கிக்கொண்டு போனார். அன்று வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். இருமுகிற குழந்தையின் அம்மாவுக்கு அவர் மருந்து மூடியில் அளவைக் காட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை, தெரியாததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. அவள் வரிசையில் நின்றாள்.

"சொல்லுங்க மேடம்."

"தலைவலிக்கு ஏதாவது."

அவர் ஒரு அட்டையைக் கத்தரித்து வைத்தார். "வெறும் வயித்துல போடாதீங்க."

"உங்களைச் சந்தேகப்பட்டது தப்பு," என்றாள். பின்னால் நின்றவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது தெரிந்தது. கேட்டால் கேட்கட்டும். "முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க எப்ப வேணும்னாலும் வரலாம்."

அவர் அட்டையைக் கவரில் போட்டு, கவரின் வாயை மடித்து, மடிப்பை நகத்தால் நீவினார். அவளுக்கு நகர மனம் வரவில்லை.

"ஒரு அசல் வந்துச்சு," என்றாள். "கல்யாண போட்டோகிராபர் வச்சிருந்தது. மூலையெல்லாம் தேஞ்சு பித்தளை தெரியுது. உருளை இன்னும் பூ மாதிரி சுத்துது. நீங்க பார்த்திருக்கணும்."

அவர் நிமிர்ந்தார். அந்தப் பழைய அடடா உதடு வரைக்கும் வந்ததை அவள் பார்த்தாள். அது வெளியே வரவில்லை.

"இது நிஜமா மேடம்?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நிஜம்," என்றாள் அவள்.

அவர் தலையசைத்துவிட்டு, அவளுக்குப் பின்னால் நின்றவரின் மருந்துச் சீட்டுக்குக் கையை நீட்டினார். அவள் ஒதுங்கி வழிவிட்டு, கவரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கு நடந்தாள்.